பெட்டிக்குள் கொடித்தண்டு வேண்டாம்: வெளிநாட்டில் வாழும் மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான உறவுகளே,

சுவிஸ், பிரான்ஸ், இத்தாலி, ஜேர்மனி, கனடா, இங்கிலாந்து என்று எங்கே வாழ்ந்தாலும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாட வேண்டும், தாந்தாமலைக்கும் மண்டூருக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று பிள்ளை குட்டிகளோடு ஊருக்கு வருகிறவர்கள் நீங்கள். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். வரும்போது முந்திரிகைத் தண்டு, ஒலிவ் கன்று, ரோஸ்மேரி, லாவெண்டர், றோசாத் தடி, தோடை ஒட்டுக்கிளை என்று உயிருள்ள செடித்துண்டு எதையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வராதீர்கள்.

நான் களுதாவளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறவன். வீட்டு வளவில் ஒரு முந்திரிகைப் பந்தலும் உண்டு. இஸ்ரேல் புளூ என்று எல்லோரும் சொல்லும் அதே கறுத்தத் திராட்சைதான். எங்கள் மணலிலும் வெயிலிலும் கவாத்துப் பண்ணி, தண்ணீரை அளவோடு விட்டால் நல்லாகவே காய்க்கிறது. அண்மைக் காலமாக அயலில் சில வளவுகளில் புதிய கொடிகளைக் காண்கிறேன். "இது எங்கே எடுத்தது?" என்று கேட்டால், "மருமகன் கொண்டு வந்தவர், அங்கே வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிப் போட்ட தடி" என்கிறார்கள். ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீனில் போட்டு, உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டு வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

கொண்டு வருகிறவர் மனம் எனக்கு விளங்காமல் இல்லை. அங்கே இருபது முப்பது வருடம் வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு, தான் வாழும் ஊரின் ஒரு கொடி அம்மாவின் முற்றத்தில் படர வேண்டும் என்ற ஆசை வருவது நியாயம். ஆனால் அந்தத் தடிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் என்ன வரக்கூடும் என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் நீங்களே கொண்டுவர மாட்டீர்கள் என்று நம்பித்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

திராட்சைக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை பூஞ்சணத்தால் வருபவை. சாம்பல் நோய் போன்றவற்றுக்கு மருந்து அடிக்கலாம், கவாத்தை மாற்றலாம், எப்படியோ சமாளிக்கலாம். நான் சொல்ல வருவது வேறு வகை. பூச்சி பரப்பும் பக்டீரியா நோய் இது. கொடிக்குள் போய்விட்டால் பிறகு அதைக் குணப்படுத்தத் தோட்டக்காரன் கையில் மருந்து இல்லை. பிடுங்கி எரிப்பது ஒன்றுதான் வழி.

அவற்றில் முதலாவது பியர்ஸ் நோய். சைலெல்லா பாஸ்டிடியோசா என்ற பக்டீரியாவால் வருவது. பள்ளிக்கூடத்தில் காழ் என்று படித்தோமே, வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாய், அதற்குள்தான் இது குடியிருக்கும். அங்கே பெருகி, பசைபோல ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்கும். சொட்டுநீர்க் குழாயில் ஊத்தை அடைத்தால் கடைசிச் செடி எப்படிக் காயுமோ, அப்படியே கொடியும் காயும். நிலத்தில் தண்ணீர் இருந்தும் இலையின் ஓரம் கருகி உள்நோக்கி வரும். மறுகா இலைத்தகடு மட்டும் உதிர்ந்து, காம்பு தீக்குச்சி மாதிரித் தண்டிலேயே நிற்கும். தண்டு முதிரும்போது ஒரே சீராக மண்ணிறமாக வேண்டும், ஆனால் நடுவே நடுவே பச்சைத் திட்டுகள் மிஞ்சும். காய்கள் வாடிச் சுருங்கும். ஓரிரு வருடங்களில் கொடி செத்துப்போகும்.

இதை ஒரு கொடியிலிருந்து மற்றக் கொடிக்குக் கொண்டுபோவது காழில் சாறு உறிஞ்சும் தத்திகள். நெல்லில் கபிலத் தத்தியைப் பார்த்துப் பழகிய மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிக்குத் தத்தி என்றால் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நோயுள்ள கொடியில் உறிஞ்சும்போது பக்டீரியா பூச்சியின் முன்குடலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கொடியில் வாய் வைத்ததும் அங்கே இறங்கும். இடையில் காத்திருக்கும் காலமே இல்லை. குஞ்சுப் பூச்சி தோலுரிக்கும்போது அந்த ஒட்டுதலும் சேர்ந்து கழன்றுவிடும். ஆனால் வளர்ந்த பூச்சி தோலுரிப்பதில்லை, ஆகவே சாகும்வரை அது நோய் காவிதான்.

கலிபோர்னியாவில் அனஹெய்ம் என்று ஒரு ஊர். ஜேர்மன் குடியேறிகள் 1857 இல் திராட்சை பயிரிடுவதற்கென்றே உருவாக்கிய ஊர் அது. 1880களில் கொடிகள் காரணம் தெரியாமல் கருகத் தொடங்கின. அரசாங்கம் நியூட்டன் பியர்ஸ் என்ற ஆய்வாளரை அனுப்பியது. அவர் 1892 இல் அறிக்கை கொடுத்தார், ஆனால் காரணத்தை அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் 35,000 ஏக்கருக்கு மேல் திராட்சை அழிந்துவிட்டது. சனங்கள் தோடைக்கு மாறினார்கள். பக்டீரியாதான் காரணம் என்று உறுதியாகி, அதை ஆய்வுகூடத்தில் தனியே வளர்த்துக் காட்டியது 1978 இல். கிட்டத்தட்ட நூறு வருடம் தங்கள் கொடியைக் கொன்றது எது என்றே தெரியாமல் அங்குள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அதே மாநிலத்தில் 1990 அளவில் இன்னொரு தத்தி வந்து சேர்ந்தது. கண்ணாடிச் சிறகுத் தத்தி என்று சொல்லலாம். அரை அங்குல நீளம் இருக்கும். அமெரிக்காவின் தென்கிழக்கிலும் மெக்சிக்கோவின் வடகிழக்கிலும் இருந்த பூச்சி அது. நாற்றுமேடைகளிலிருந்து வந்த அலங்காரச் செடிகளில், இலைத் தோலுக்குக் கீழே முட்டையாக ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலானோர் முடிவு. பூச்சி தானாகப் பறந்து வரவில்லை, மனிதர் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 1999 இல் டெமெக்கியூலா என்ற பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் வரிசை வரிசையாகக் காய்ந்தன. பியர்ஸ் நோய் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே இருந்ததுதான். புதிய பூச்சி வந்ததும் பழைய நோய்க்குக் கால் முளைத்துவிட்டது.

இரண்டாவது நோய் ஐரோப்பாவில் உள்ளவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சில் பிளாவெசென்ஸ் டொரே என்பார்கள். பொன்மஞ்சள் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத மிகச் சிறிய பக்டீரியாவால் வருவது. காழில் அல்ல, இலையில் செய்த சத்து இறங்கும் உரியத்தில் வாழ்வது. இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு, வெள்ளைத் திராட்சையில் மஞ்சளாகவும் கறுப்புத் திராட்சையில் சிவப்பாகவும் மாறும். இளந்தண்டு முற்றாமல் றப்பர்போல வளைந்து தொங்கும். குலை வற்றும்.

இது எப்படி வந்தது என்ற கதை எனக்கு எப்போதும் மனத்தில் நிற்கிறது. 1860களில் பிரான்சில் பிலொக்சிரா என்ற வேர்ப்பேன் அமெரிக்கக் கொடிகளோடு வந்து திராட்சையை அழித்தது. அதற்குத் தீர்வாக, அந்தப் பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டைகளை ஏராளமாக இறக்குமதி செய்து, தங்கள் கொடிகளை அவற்றில் ஒட்டினார்கள். அந்தக் கட்டைகளோடு ஒரு வட அமெரிக்கத் தத்தியும் வந்திருக்கிறது. அந்தத் தத்தி முதிர்ந்த தண்டின் பட்டைக்குக் கீழே முட்டையிட்டு, பனிக்காலம் முழுவதும் முட்டையாகவே இருக்கும். 1950களில் பிரான்சின் தென்மேற்கில் நோய் கிளம்பியது. அதன் பிறகு இத்தாலி, சுவிஸ், இன்னும் பல நாடுகள். சுவிஸில் திச்சினோவில் 2004 இல் கண்டார்கள். பிறகு 2015, 2016 இல் வோ, வலே மாநிலங்களிலும். லொசானைச் சுற்றி வாழும் எங்கள் பிள்ளைகள் பலர் தினமும் பார்த்துக்கொண்டு போகும் திராட்சைச் சரிவுகள் அந்த வோ மாநிலத்தில்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் கொண்டுவரும் தடி பனிக்காலத்தில் கவாத்துப் பண்ணி வெட்டிப் போட்டது. அந்தத் தத்தி முட்டையாகப் பட்டைக்குக் கீழே இருப்பதும் அதே பனிக்காலத்தில்தான். தடியைப் பார்த்தால் எதுவும் தெரியாது. நோய் உள்ளேயிருந்தாலும் இலை இல்லாத தண்டில் அறிகுறி காட்டாது. சில அமெரிக்க வேர்க்கட்டைகள் இலையோடு இருக்கும்போதுகூட அறிகுறி காட்டாமல் நோயைச் சுமந்திருக்கும். "நல்ல பச்சையாய் இருந்த கொடியில்தான் வெட்டினேன்" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது போதாது.

அங்கே அரசாங்கங்கள் இதை எவ்வளவு பாரதூரமாக எடுக்கின்றன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பிரான்சில் நோய் கண்ட பகுதிகளில் தத்திக்கு மருந்தடிப்பது கட்டாயம். பர்கண்டியில் இயற்கை முறையில் திராட்சை செய்யும் ஒருவர் மருந்தடிக்க மறுத்தார். வழக்குப் போட்டு 2014 இல் தண்டப்பணம் விதித்தார்கள். மேன்முறையீட்டில் அவர் விடுதலையானார். அவர் செய்தது சரியா பிழையா என்பது வேறு கதை. ஒரு தோட்டக்காரன் மருந்தடிக்கவில்லை என்று நீதிமன்றம் வரை போகும் அளவுக்கு அந்த நாடு பயப்படுகிற ஒன்றை, நாங்கள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருகிறோம்.

இந்த இரண்டு நோயும் இலங்கையில் கண்டதாகப் பதிவில்லை. அப்படியே இருக்க வேண்டும்.

"அங்கத்தைய குளிர்நாட்டு நோய் எங்கட வெயிலில் நிற்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொன்மஞ்சள் நோயைப் பரப்பும் அந்தத் தத்திக்கு எங்கள் வெயில் ஒத்துவராமல் போகலாம். பியர்ஸ் நோயின் கதை நேரெதிர். அது சூட்டை விரும்பும் நோய். கடுங்குளிர் விழும் இடங்களில் நோயுள்ள கொடி சில வேளை குளிரிலேயே தேறிவிடும், பக்டீரியா உள்ளேயே செத்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் வடபகுதியில் அது பெரிய பிரச்சினையாக இல்லை. அதற்கு ஏற்ற வெப்பம் 28 பாகை செல்சியஸ் அளவு. மட்டக்களப்பில் அது எந்த மாதத்தில் இல்லை? அங்கே கொடியைக் காப்பாற்றும் பனி எங்களுக்கு இல்லை.

பரப்புவதற்குப் பூச்சி வேண்டுமே என்றால், அது உள்ளூரிலேயே கிடைத்துவிடும். பியர்ஸ் நோய்க்குக் குறிப்பிட்ட ஒரு பூச்சிதான் வேண்டும் என்பதில்லை. காழில் உறிஞ்சும் தத்திகளிலும் நுரைப்பூச்சிகளிலும் பல இனங்களால் அதைக் காவ முடியும். தாய்வானில் 2002 இல் பியர்ஸ் நோய் அறிவிக்கப்பட்டபோது அங்கே பரப்பியது உள்ளூர்த் தத்திதான். இத்தாலியின் தெற்கே, புலியா மாநிலத்தில் நடந்ததும் இதே கதை. புல்லில் எச்சில்போல நுரை கட்டி வாழும் ஒரு சாதாரண நுரைப்பூச்சி, காலம் காலமாக ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் இருந்தது. 2013 இல் அங்கே ஒலிவ் மரங்களில் சைலெல்லாவைக் கண்டுபிடித்தார்கள். அந்த நுரைப்பூச்சியே அதை மரத்துக்கு மரம் கொண்டுபோனது. பல மில்லியன் மரங்கள் காய்ந்தன, அவற்றில் பாட்டன் பூட்டன் காலத்து மரங்கள் எத்தனையோ. அந்த பக்டீரியாவின் வகை கொஸ்தாரிக்காவில் உள்ளதோடு ஒத்திருந்தது. அலங்காரத்துக்காக இறக்குமதி செய்த கோப்பிச் செடி ஒன்றோடு வந்திருக்கலாம் என்பதே பலரின் முடிவு. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் கொஸ்தாரிக்காவிலிருந்தும் ஹொண்டுராசிலிருந்தும் கோப்பிக் கன்றுகள் வருவதைத் தடை செய்தது. மரங்கள் அதற்கு முன்பே போய்விட்டன.

மட்டக்களப்பில் எத்தனை ஏக்கரில் முந்திரிகை இருக்கிறது, நாலு பந்தல் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சைலெல்லாவுக்குத் திராட்சை மட்டும் போதாது. அது தங்கக்கூடிய செடியினங்கள் ஐநூறுக்கு மேல். பிரேசிலில் 1987 இல் தோடைத் தோட்டங்களைத் தாக்கியது அதன் ஒரு வகை. கலிபோர்னியாவில் 1990களில் அலரிச் செடிகளைக் கருக்கியது இன்னொரு வகை. அலரி! எங்கள் கோயில் வீதிகளில் பூசைக்குப் பூ எடுப்பதற்கென்று நட்டு வைத்திருக்கிறோமே, அதே அலரி. வளவுக் கோப்பியும் வரும், தோடையும் வரும். எந்த வகை எந்தச் செடியைப் பிடிக்கும் என்பது அந்தந்த வகையைப் பொறுத்தது, ஒன்றே எல்லாவற்றையும் அழிக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் பெட்டிக்குள் வருவது எந்த வகை என்று யார் சொல்ல முடியும்?

இதே குடும்ப நோய்கள் எங்கள் மாகாணத்துக்குப் புதியவையும் அல்ல. அம்பாறையில் ஹிங்குராணைக் கரும்பில் வெள்ளை இலை நோயைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். கரும்பு புல்மாதிரிக் கொத்தாக முளைத்து, இலை வெளுத்து, தடி கட்டாமலே போகும். அதுவும் பைட்டோபிளாஸ்மா, அதையும் தத்தி பரப்புகிறது, அதுவும் விதைக்கரும்புத் துண்டோடு ஊர்விட்டு ஊர் போகிறது. கத்தரியில் சிற்றிலை நோய் வந்தால் செடி முழுக்கச் சின்ன இலைகளாகக் குவிந்து காயே பிடிக்காது. என் தோட்டத்தில் அப்படியான செடியைக் கண்டால் அன்றைக்கே பிடுங்கி எரிக்கிறேன். தெற்கே 2006 இல் வெலிகமவில் தொடங்கிய தென்னை இலை வாடல் நோயும் இதே இனம். அது பரவாமல் இருக்கத்தான் மாத்தறை, காலி, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னை, கமுகு, பனை இனக் கன்றுகளை வெளியே கொண்டுபோகத் தடை வைத்தார்கள். திருக்கோவில், தம்பிலுவில் தொடங்கி வாழைச்சேனை வரை கரையோரம் முழுக்கத் தென்னையோடு வாழும் எங்களுக்கு அந்தத் தடை எவ்வளவு பெரிய காப்பு என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தத்தி ஒரு பருவத்தில் போகும் தூரம் கொஞ்சம்தான். ஒரு கன்றை வாகனத்தில் வைத்து ஒருவர் கொண்டுபோனால் ஒரே நாளில் நாட்டின் மறுகரைக்கு வந்துவிடும்.

வாவியில் ஆற்றுவாழை மிதப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். தென் அமெரிக்காவில் இருந்த செடி அது. பூ அழகாய் இருக்கிறது என்று 1905 இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1909 இலேயே அதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டி வந்தது. இன்றும் வலையிலும் தோணியிலும் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. திரும்பிப் போகும்போது அம்மா கட்டித் தரும் கறிவேப்பிலையைப் பெட்டிக்குள் வைக்கிறீர்கள், சிலர் கன்றாகவே கொண்டுபோகிறீர்கள். கறிவேப்பிலையில் வாழும் ஒரு சிறு சாறுறிஞ்சிப் பூச்சி, தோடை இனத்தைக் கொல்லும் பசுமையாதல் நோயைக் காவும் பூச்சி. அதுவும் பக்டீரியா நோய்தான். புளோரிடாவில் 1998 இல் அந்தப் பூச்சி வந்தது, 2005 இல் நோயைக் கண்டார்கள். 2003-04 இல் 24 கோடிப் பெட்டிக்கு மேல் விளைந்த அந்த மாநிலத்துத் தோடம்பழம், 2022-23 இல் 1.6 கோடிப் பெட்டி அளவுக்கு இறங்கிவிட்டது. சூறாவளிகளும் சேர்ந்து அடித்ததுதான், ஆனால் முறித்தது நோய். கலிபோர்னியாவில் அந்த நோயை முதலில் கண்ட இடம் பெரிய தோட்டமல்ல. 2012 இல், லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு குடியிருப்பு வளவில், பல ஒட்டுக்கிளைகள் வைத்த ஒரு மரம். வெளியிலிருந்து வந்த ஒட்டுக்கிளை ஒன்றுதான் காரணமாய் இருக்கலாம் என்று கருதினார்கள். ஆசையாய் ஒட்டிய ஒரு வீட்டுக்காரரின் மரம் அது.

2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பெட்டியில் கொண்டுபோகும் செடிகளுக்கும் பெரும்பாலான பழம், மரக்கறி, இலைகளுக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், டூரியான், பேரீச்சை மட்டும் விதிவிலக்கு. அது உங்களைக் கஷ்டப்படுத்துவதற்குப் போட்ட சட்டமல்ல, புலியாவில் ஒலிவ் மரத்தைப் பறிகொடுத்த விவசாயிக்காகவும் போட்டது. எங்களுக்கும் அப்படியொரு சட்டம் இருக்கிறது. 1999 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். அனுமதிப் பத்திரமும், அனுப்பும் நாட்டின் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் நடுகைப் பொருள் உள்ளே வரக்கூடாது. கட்டுநாயக்கவில் அதற்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள்.

"வெந்நீரில் அவித்துக் கொண்டு வந்தால் சரிதானே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பொன்மஞ்சள் நோய்க்கு அப்படியொரு முறை உண்மையிலேயே உண்டு. நாற்றுமேடைகளில் தண்டை 50 பாகை வெந்நீரில் 45 நிமிடம் வைப்பார்கள். கொஞ்சம் குறைந்தால் நோய் சாகாது, கொஞ்சம் கூடினால் தண்டு சாகும். குசினியில் பானை வைத்துச் செய்கிற காரியமல்ல.

ஏற்கெனவே கொண்டுவந்து நட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைக் குற்றவாளியாக்க நான் எழுதவில்லை. நட்ட கொடியிலிருந்து தயவுசெய்து யாருக்கும் தடி வெட்டிக் கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு நல்ல கொடி வந்தால் ஆறு மாதத்தில் ஒழுங்கை முழுக்கப் பரவிவிடும், அதுதான் எனக்குப் பெரிய பயம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி, வந்து பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் பிடுங்கி வாய்க்காலிலோ வேலிக்கு வெளியிலோ எறிந்துவிட வேண்டாம், மண்ணில் பட்ட தடி முளைக்கும். கண்ட மருந்தையும் வாங்கி அடிக்கவும் வேண்டாம். உள்ளே இருப்பதை வெளியே அடிக்கும் மருந்து தொடாது, நல்ல பூச்சிகள்தான் சாகும்.

இலை ஓரம் கருகினாலே இதுதான் என்று பதறவும் வேண்டியதில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். உவர் நீர் பட்ட கொடியிலும் இலை ஓரம் கருகும். அது பெரும்பாலும் பந்தல் முழுக்க ஒரே மாதிரிக் காட்டும், நல்ல மழை பெய்தால் புதுத் துளிர் சுத்தமாக வரும். நோயாக இருந்தால் முதலில் ஒரு தண்டில், ஒரு பக்கத்தில் தொடங்கி, மழைக்குப் பிறகும் கூடிக்கொண்டு போகும். தகடு விழுந்து காம்பு நிற்பதையும், தண்டில் பச்சைத் திட்டையும் சேர்த்துக் கண்டால் உடனே சொல்லுங்கள். கண்ணால் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது, ஆய்வுகூடத்தில்தான் சொல்ல முடியும்.

ஊருக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்ற உங்கள் மனத்துக்கு வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று இங்கே ஒரு தோட்டக்காரனுக்குப் பல வருடம் பயன்படும். கிணற்று நீரின் உவரை அளக்கும் சிறு கருவி, பழத்தின் இனிப்பை அளக்கும் கருவி, இவையெல்லாம் கைப்பைக்குள் அடங்கும். பாவித்த ஆயுதமானால் மண்ணும் சாறும் இல்லாமல் கழுவித் துடைத்துக் கொண்டு வாருங்கள். அப்பா அம்மா வளவில் முந்திரிகை படர வேண்டுமென்றால் இங்கேயே நல்ல கன்று எடுக்கலாம். பந்தல் போடக் கம்பியும் தூணும் வாங்கிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அங்கத்தைய ஒரு புது இனத்தைத்தான் இங்கே பயிரிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள் விவசாயத் திணைக்களத்தில் அனுமதி எடுத்து, சான்றிதழோடு முறைப்படி இறக்குங்கள். நாள் எடுக்கும்தான். அந்த நாளில்தான் கன்றைத் தனியே வைத்து, நோய் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

அலுவலகங்களில் இருப்பவர்களும் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். விமான நிலையத்தில் பயணிகள் பெட்டி எடுக்கும் இடத்தில், செடித்துண்டு கொண்டுவரக் கூடாது என்றும் ஏன் கூடாது என்றும் தமிழில் பெரிய எழுத்தில், படத்தோடு வையுங்கள். பிடித்துத் தண்டிப்பதைவிட, கொண்டுவந்தவர் தானாகவே எடுத்துக் கொடுக்க ஒரு பெட்டி வைப்பது பலன் தரும். கமநல சேவை நிலையங்களில் ஆடி மாதத்துக்கு முன் ஒரு கூட்டம் போட்டால் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் பெண்களுக்கு முதலில் சொல்லுங்கள். தடி கைமாறுவது அவர்கள் வழியாகத்தான்.

ஊர்ச் சங்கங்கள், நலன்புரிச் சங்கங்கள், கோயில் ஒன்றியங்கள் அங்கே உங்களுக்கு நிறைய இருக்கின்றன. கோடை விடுமுறைப் பயணச்சீட்டு எடுக்கும் காலத்தில் வரும் கூட்டத்தில் இதை ஒருவர் எழுந்து வாசித்தால் போதும். சூரிச், பேர்ண், பாரிஸ், மிலானோ, பலெர்மோ என்று திராட்சையும் ஒலிவும் விளையும் நாடுகளில் உள்ள சங்கங்கள் முதலில் செய்யுங்கள். வாசித்த பிறகு யாராவது "நான் போன வருடம் கொண்டு போனேனே" என்று சொன்னால், எந்த ஊரில், எந்த வளவில் நட்டது என்று கேட்டு, அங்குள்ள விவசாயப் போதனாசிரியருக்குத் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
களுதாவளையிலிருந்து ஒரு தோட்டக்காரன்